தூங்கியை நீக்கு

செவ்வாய்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். எங்கே தவறினேன் என்று பிறகு தேடும்போது ஞாபகத்தை நம்ப வேண்டியிருக்காது.

மாலை வகுப்பில் இந்தப் பருவம் எங்களுக்குக் கொடுத்த வேலை, ‘தடம்’ என்ற மென்பொருளின் ஒரு புதிய வசதியைச் சோதிப்பது. தடத்துக்குப் பொத்தான்களோ படங்களோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்ச வேண்டும். ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைப் பதிப்பு பதிப்பாகச் சேமித்து வைக்கும். எந்தப் பழைய பதிப்புக்கும் திரும்பிப் போகலாம். முன்பு நிரல் எழுதுகிறவர்கள் மட்டும்தான் அதைப் பயன்படுத்தினார்கள். இப்போது பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் கருவியிலும் அது ஓடுகிறது.

அந்தக் கருவிக்குச் சொல்துணை என்று பெயர். நோய் வருவதற்கு முன், அணிந்திருப்பவர் பேசிய போன் அழைப்புகள், வேலையிடத்துப் பதிவுகள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் அதற்குள் ஆண்டுவாரியாகப் பதிப்புகளாக அடுக்கப்பட்டிருக்கும். பேசும்போது ஒரு சொல் சிக்கினால், தடம் பழைய பதிப்புகளில் தேடி, அந்த இடத்தில் அவர் வழக்கமாகச் சொன்னதை எடுக்கும். தொண்டையில் ஒட்டிய வில்லை அதை நாக்குக்குத் தள்ளும். வந்தது தன் சொல்லா, தள்ளிவிட்ட சொல்லா என்று பேசுகிறவருக்கே தெரியாது.

நாங்கள் சோதித்த வசதியின் பெயர் நேர அலசல். கட்டளையோடு ‘அலசு’ என்று சேர்த்துத் தட்டினால், தடம் வேலையை முடித்த பிறகு, உள்ளே எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்றது என்று ஒரு பட்டியல் போடும். வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஒரு பயனரைக் கொடுத்தார்கள். எனக்கும் ஹக்கீமுக்கும் வந்தவர் ஆறுக்குட்டி ஐயா. ஒரு தனியார் பேருந்துக் கம்பெனியின் நேரக் காப்பாளர். பதினொரு வருடம் பேருந்து நிலைய மைக்கில் வண்டிகளைக் கூவி அனுப்பியவர்.

இன்று வசந்தமாலை மேடம் எல்லா ஜோடிகளின் எண்களையும் வாசித்தார். சொல் சிக்கியதிலிருந்து கருவி ஒரு சொல்லைத் தள்ளும்வரை ஆகும் நேரம். பூஜ்யம் புள்ளி மூன்று நொடி. பூஜ்யம் புள்ளி மூன்று. பூஜ்யம் புள்ளி நான்கு. எங்கள் முறை வந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

“ரெண்டு புள்ளி மூணு.”

பின் வரிசையில் யாரோ, “பாசஞ்சர் ரயிலுங்களா மேடம்?” என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல,” என்றார் மேடம். “சனிக்கிழமை ரிவ்யூ. அரை நொடிக்கு மேல போனா கருவியக் கழட்டி, காத்திருக்கற அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. ரிவ்யூல பாஸ் ஆன சான்றிதழ் இல்லாம பஸ் கம்பெனி அவருக்கு மைக்கத் தராது. கௌசிகா, ஹக்கீம், என்னன்னு பாருங்க.”

நான் என் குறிப்பேட்டைத் திறந்தேன். எந்த வேலைக்கும் முன்னால் வரி வரியாகப் பட்டியல் எழுதி, முடிக்க முடிக்க டிக் போடுவது என் வழக்கம். பகலில் பம்ப்செட் கம்பெனியின் ஓட்டப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பதால் வந்த பழக்கம். பதினான்காம் வரியில் என் கையெழுத்தில் ‘தூங்கியை நீக்கு’ என்று இருந்தது. பக்கத்தில் டிக். அதன் பக்கத்தில், சரிபார்த்ததற்கு ஹக்கீமின் கையெழுத்து.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த டிக்தான் கண்ணில் நின்றது.

புதன்

தூங்கி என்றால் என்ன என்பதை எழுதிவைக்க வேண்டும். நேர அலசல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் கையில் அகப்படும்படி மெதுவான ஒன்று உள்ளே இருக்க வேண்டும். தடம் தானாக எல்லாவற்றையும் வேகமாக முடித்துவிடும். அலசலுக்கு எதுவும் சிக்காது. அதனால் ஒன்றுமே செய்யாமல் சரியாக இரண்டு நொடி சும்மா இருக்கும் ஒரு துணுக்கை எழுதிச் சேர்த்தேன். பட்டியலில் ‘தூங்கி: 2.0’ என்று வந்தால் அலசல் சரி. சோதனை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

நீக்கினேன். ஆனால் என் கணினியில் இருந்து மட்டும். நீக்கியதை ஒரு புதிய பதிப்பாகத் தடத்தில் பதியவில்லை. தடத்துக்குப் பதியாதது நடக்காதது. ஆறுக்குட்டி ஐயாவின் காதுக்குப் போன பதிப்பில் தூங்கி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு மாதமாக, அவர் வாயில் சிக்கிய ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு நொடி.

ஆறு மணிக்கே வகுப்புக்குப் போய் ஹக்கீமிடம் சொன்னேன். பகலில் அவன் ஒரு மொபைல் கடையில் நிற்கிறான். எதற்கும் பதறாத ஆள். இன்று பதறினான்.

“நீதான் மூணு தடவ பாப்பியே! நீ டிக் போட்டா எனக்கு சாமி டிக் போட்ட மாதிரி. அந்த நம்பிக்கைல கையெழுத்துப் போட்டேன்.”

“தொறந்து பாத்தியா?”

“பாத்திருந்தா இப்ப இங்க நின்னு வேர்த்துட்டு இருப்பனா?”

மேடத்திடம் இருவரும் போனோம். நான் ஒளிக்காமல் சொன்னேன்.

“நாளைக்குப் போய் அவர் வீட்லயே சரி பண்ணிட்டு வந்துருங்க. அறிக்கைல ‘வேகம் மேம்படுத்தப்பட்டது’ன்னு போதும்.”

“தப்புன்னு எழுத வேண்டாங்களா மேடம்?”

“எழுதினா உங்க ரெண்டு பேருக்கும் கோர்ஸ் சான்றிதழ் கிடைக்காது. அவருக்கு ரிவ்யூ தள்ளிப் போகும். யாருக்கு என்ன லாபம்?”

இடத்துக்கு வந்து, நாளைக்கு முன் அலசல் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடலாம் என்று திறந்தேன். அங்கேதான் ஒன்று இடித்தது.

போன வாரத்துத் தூங்கியின் சராசரி நேரம் 1.1 நொடி.

இருக்க முடியாது. நான் எழுதிய தூங்கி இரண்டு நொடிதான் தூங்கும். கூடவும் தூங்காது, குறையவும் தூங்காது. என் கணக்குதான் தப்பு என்று மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகு ஒவ்வோர் அழைப்பாகப் பார்த்தேன். முதல் வாரத்தில் எல்லாமே 2.0. இரண்டாம் வாரத்திலிருந்து 1.7, 0.9, 1.4. பாதிக்கு மேல் நடுவிலேயே அறுந்திருந்தன.

“யாரோ தூங்கிய எழுப்பறாங்க,” என்றேன்.

ஹக்கீம் எட்டிப் பார்த்தான். “வைரஸா?”

“இல்ல. அவரா பேசிட்டா, கருவி சொல்லத் தள்ளாது. பாதில விட்டுரும்.” சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. “கருவி குடுக்கறதுக்கு முன்னாடியே அவருக்குச் சொல் வந்துருது ஹக்கீம். அவரோட சொல்லு.”

வியாழன்

ஒண்டிப்புதூரில் அவர் வீடு. நான்கு மணிக்கு ஷிப்ட் முடிந்து நேராகப் போனேன். ஹக்கீமுக்குக் கடையில் விடுப்பு இல்லை. கதவைத் திறந்தது ஆறுக்குட்டி ஐயாவின் மகள் தாரணி. கல்லூரியில் இரண்டாம் வருடம். ஐயா குளித்துக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் நான் வந்த காரணத்தை அவளிடம் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன்.

“அதை எடுத்துருவீங்களாங்க்கா?” என்றாள்.

“எடுத்துருவேன். இன்னும் பத்து நிமிசத்துல.”

அவள் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எடுக்காதீங்க்கா.”

“தாரணி, சனிக்கிழமை...”

“தெரியுமுங்க. நீங்க ஒண்ணு கேளுங்க. கருவி மாட்டுன புதுசுல அப்பா படபடன்னுதான் பேசுனாரு. எங்கூடப் பேசறதுக்கு அதுக்குள்ள என்ன இருக்கும்? பழைய போனெல்லாம்தான? ‘எங்கிருக்கற’, ‘போன வெய்யி’. பதினொரு வருசத்துல எங்கிட்டப் பேசுனதே அவ்வளவுதானுங்க. அதத்தான் அதும் எடுத்து எடுத்துக் குடுத்துச்சு. பழைய அப்பா அப்பிடியே திரும்பி வந்துட்டாருன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. நான் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவேன்.”

“இப்ப?”

“போன மாசத்துல இருந்து வாயெடுப்பாரு, நிக்கும். மூஞ்சி ஒரு மாதிரி ஆகும். அப்பறமா ஒண்ணு சொல்லுவாரு. நேத்து நான் காலேஜ் கெளம்பறப்ப, ‘பூ... வெச்சுட்டுப் போ’ன்னாரு. எங்கம்மா போனதுக்கப்பறம் இந்த வீட்ல அந்த வார்த்தைய யாரும் சொன்னதில்லீங்க்கா. பொள்ளாச்சின்னு வரலைன்னா ‘எளநி ஊரு’ம்பாரு. சொல்லிட்டு அவரே சிரிப்பாரு. அந்த ரெண்டு செகண்ட்தாங்க எங்கப்பா.”

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு அவர் வந்தார். வலது கை மடங்கித் தொங்கியது. என்னைப் பார்த்து, “வாங்க... வாங்க,” என்றார். இடையில் நீண்ட இடைவெளி. அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த முகத்தைப் பார்ப்பது சிரமமாக இருந்தது. “கம்ப்யூட்டரு... புள்ள,” என்று சிரித்தார்.

நான் முறையாகச் செய்ய நினைத்தேன். அவர் கருவி, முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டையும் காட்டாமல் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது? இப்போதைய நிலை அவருக்குத் தெரியும். ஆகவே மடிக்கணினியை இணைத்து, தூங்கி இல்லாத பதிப்பை ஓடவிட்டேன். பேசிப் பாருங்கள் என்றேன்.

“பல்லடம், தாராபுரம், ஒட்டஞ்சத்திரம், திண்டுக்கல்! பல்லடம், தாராபுரம்!” குரல் தெருவரை போயிருக்கும். அவர் கண்கள் விரிந்தன. எதிர் வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

நான் காத்திருந்து, மெதுவாக, அளந்து கேட்டேன். “ஏனுங்க ஐயா, இது வேகமா வருது. சனிக்கிழமை பாஸ் ஆயிரும், மைக் கிடைக்கும். ஆனா சொல்லெல்லாம் பழைய பதிவுல இருந்து வர்றது. முன்னாடி இருந்தது மெதுவு. ஆனா பாதிச் சொல்லு நீங்களே தேடி எடுத்தது. மைக் கிடைக்காது. உங்களுக்கு எதுங்க வேணும்?”

அவர் தாரணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வேகம்,” என்றார். “வேகம், வேகம்.”

தாரணி உள்ளே போய்விட்டாள். நான் நீக்கினேன். இந்த முறை நீக்கியதைப் பதிந்தேன். பதிந்ததை மறுபடி திறந்து பார்த்தேன். பதினான்காம் வரிக்கு மேல் இரண்டாவது டிக்.

சனி

தேறிவிட்டார். 0.3 நொடி. ரிவ்யூ அதிகாரி ஊர் ஊராகக் கேட்க, கேள்வி முடியும் முன் பதில். “டைம் ஆச்சுங்க, ஏறுங்க ஏறுங்க,” என்று அவர் சொன்னதும் அறையே சிரித்தது. பேருந்துக் கம்பெனி ஆள் அங்கேயே கை குலுக்கினார், திங்கட்கிழமையே மைக்.

தாரணி கடைசி நாற்காலியில் இருந்தாள். வெளியே வரும்போது என் பக்கத்தில் நின்று, “இன்னைக்குப் பூ வெச்சுட்டு வந்தேனுங்க்கா,” என்றாள். “எங்கிருக்கறன்னு கேட்டாரு. பக்கத்துலதான் இருந்தேன்.”

ஹக்கீம் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தான். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

திங்கள்

இறுதி அறிக்கைக்காக மதிய இடைவேளையில் கருவியின் அலசலை நாள்வாரியாக எடுத்தேன். தேவையில்லைதான். முடிந்த வேலையை ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் எனக்குக் கோப்பை மூடத் தெரியாது.

வியாழன், ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். தேடல் 0.3 நொடி. தூங்கி: இல்லை. தள்ளிய சொல்: வேகம். எடுத்த இடம்: பதினொரு ஆண்டுக்கு முந்தைய பதிப்பு, பேருந்து நிலைய மைக், பயணிகளை விரட்டி ஏற்றும் அழைப்பு. அந்தப் பதிவுகளில் அவர் அந்தச் சொல்லைச் சொன்ன தடவைகள்: 4,212.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

கேள்வியை நான் தூங்கி இல்லாத பதிப்பில் கேட்டிருக்கிறேன். பம்ப் பரிசோதனையில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: குழாய்க்குள் மீட்டரை வைத்தால் மீட்டரும் தண்ணீரை மறிக்கும், அதைக் கழித்துவிட்டுப் படி என்று. எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒருவரைக் கேட்டேன். அந்த இரண்டில் ஒன்று அவருக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னது. நான் அதை அவர் சொன்னதாக எழுதிக்கொண்டேன்.

அவர் பதிலாகவும் இருக்கலாம். பதினொரு வருடம் நேசித்த வேலை. வேகம்தான் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். கருவி சரியான சொல்லையே எடுத்துக் கொடுத்திருக்கலாம். தெரியாது. அதுதான் கஷ்டம். என்னால் இரண்டில் ஒன்றை நிரூபிக்க முடியாது.

ஹக்கீமுக்குப் போன் செய்தேன்.

“பாஸ் ஆயாச்சு. மைக் வந்தாச்சு,” என்றான். “இப்பப் போய்க் கிளறுனா அவருக்கு வேல போகும், நமக்கு சான்றிதழ் போகும். உனக்கு நிம்மதியா இருக்கவே வராதா கௌசி?”

“வராது.”

அவனுக்குப் பின்னால் யாரோ சார்ஜர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். “எப்பிடிக் கேப்ப? வாயத் தொறந்தா மறுபடி அதுதான பேசும்?”

“வாயால கேக்க மாட்டேன்.”

“சரி, என்ன சொல்றாரோ வந்து சொல்லு. நான் போட்ட கையெழுத்துக்கு நானும் வந்து நிக்கறேன்.”

ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்தில் இருந்தேன். நேரக் காப்பாளர் கூண்டில் அவர், இடது கையில் மைக். மேசைமேல் ஓய்வாக வலது கை. நாளெல்லாம் கூவியும் குரல் மங்கவில்லை. என்னைப் பார்த்ததும், “வாங்க வாங்க, உக்காருங்க, எந்த ஊரு போகோணும்?” என்றார். ஓர் இடைவெளி இல்லை. அந்தக் கூண்டில் வந்து நின்ற எல்லோரிடமும் அவர் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தவறு, அந்த ஒரு மாதம், வியாழக்கிழமைக் கேள்வி, 4,212. இரண்டு நொடியைத் திருப்பி வைத்தால் சான்றிதழ் செல்லாது, இந்த மைக் போய்விடும், கருவியையும் கேட்பார்கள் என்பதைச் சொன்னேன். கருவி போகாமலிருக்க என்னால் ஆனதைச் செய்கிறேன், ஆனால் உறுதி தர முடியாது என்றும் சொன்னேன். கேட்கும்போது அவர் வாய் இரண்டு தடவை திறந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“வேண்டாங்கய்யா. வாயால சொல்லாதீங்க. இப்பிடியே இருக்கட்டும்னா ஒரு விரல். அந்த ரெண்டு நொடி திரும்ப வேணும்னா ரெண்டு விரல். வேணும்னா மைக்கக் கீழ வெச்சுக்குங்க. எந்தக் கை வருதோ அந்தக் கையில காட்டுங்க. அவசரமில்ல.”

திண்டுக்கல் வண்டி இன்ஜினை உறுமவிட்டது. நடத்துநர் கூண்டைப் பார்த்து விசில் ஊதினார். ஆறுக்குட்டி ஐயா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். ஒலிபெருக்கி கரகரத்தது. “பல்லடம், தாராபுரம், ஒட்டஞ்சத்திரம், திண்டுக்கல்!” கண்கள் வண்டியில் இல்லை. மேசைமேல் கிடந்த வலது கையில் இருந்தன.

ஆள்காட்டி விரல் அசைந்தது. மேசையை விட்டு எழுந்தது. நின்றது.

ஒன்று. சரி என்று எனக்குள் ஏதோ இறங்கியது. நிம்மதியா, ஏமாற்றமா என்று இப்போதும் எழுதத் தெரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டப் போனேன். வியாழக்கிழமையும் இப்படித்தான், கிடைத்த முதல் பதிலை வாங்கிக்கொண்டு கிளம்பினேன் என்று தோன்றியது. பையைக் கீழே வைத்தேன். மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு.

நடுவிரல், மரத்துப்போன கையில், நடுங்கி நடுங்கி மேசையை விட்டுப் பிரிந்தது. முதல் விரலின் பக்கத்தில் வந்து நின்றது. விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

ஒலிபெருக்கியில் அவர் குரல், ஓடி வருகிறவர்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தது. “வேகம், வேகம்.”